மோலே சாப்பிட மதியமே போய்விடுங்கள்: வஹாக்கா அனுபவங்கள்

வெளியூர் போனால் நல்ல சாப்பாட்டை இரவுக்கு ஒதுக்கி வைப்பது பலருக்கும் பழக்கம். மோலே என்ற மிளகாய்க் குழம்புக்குப் பேர்போன மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் அது சரிப்படாது. அங்கே பெரிய சாப்பாடு மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள். கிராமத்துப் பக்கம் உள்ள பழைய பாணி உணவகங்கள் பலவற்றில் மாலையிலேயே அடுப்பை அணைத்துவிடுகிறார்கள்.

நாங்கள் போனது தெயோதித்லான் தெல் வாயே என்ற ஊருக்கு. வஹாக்கா நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். சபோட்டெக் என்ற பழங்குடி மக்களின் ஊர், கம்பளி விரிப்பு நெசவுக்குப் பேர்போனது. ஒரு குடும்பம் தங்கள் வீட்டு முற்றத்தையே உணவகமாக்கியிருந்தது. சமையலறைக்கு மறைப்பே இல்லை. ஒரு அம்மாள் முழங்காலிட்டு உட்கார்ந்து மெட்டாட்டேயில் மாவு அரைத்துக்கொண்டிருந்தார். நம் அம்மிக்கு மூன்று கால் முளைத்து முன்பக்கம் சரிந்தால் எப்படியோ, அப்படி ஒரு கல்.

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் போகக் கழுவித்தான் அரைக்கிறார்கள். சுண்ணாம்பு சேராத மாவு சரியாகச் சேர்ந்து வராது, டோர்ட்டியா என்ற சோள ரொட்டி தட்டினால் பிய்ந்துபோகும். அது மட்டுமில்லை, சோளத்தில் இருக்கிற நயாசின் சத்து உடம்பில் சேருவதும் இதனால்தான். சோளம் ஐரோப்பாவுக்குப் போனபோது இந்த முறை கூடவே போகவில்லை. வட இத்தாலியில் சோளக் கூழையே நம்பி வாழ்ந்த ஏழைகள், நயாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோயில் விழுந்தார்கள். அந்த அம்மாளின் பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம்!

மெனு என்று நீட்டியது நாலைந்து வரிதான். வஹாக்காவில் ஏழு மோலே உண்டு என்பார்கள்: கறுப்பு, சிவப்பு, கொலோராதித்தோ, மஞ்சள், பச்சை, சிச்சிலோ, மஞ்சமாந்தெலெஸ். ஏழு என்பது சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லும் கணக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறுகிறது. நான் கேட்டது கறுப்பு மோலே, வான்கோழியோடு.

காய்ந்த மிளகாய்களை, முக்கியமாக சில்வாக்லே என்ற வகையை, கோமால் என்கிற தோசைக்கல் போன்ற தட்டையான மண் சட்டியில் கருகும் பதத்துக்கு வறுக்கிறார்கள். விதைகளைத் தனியாக எடுத்து அவற்றையும் கருக்கிச் சேர்க்கிறார்கள். அப்புறம் எள், பாதாம், வேர்க்கடலை, உலர்திராட்சை, வாழைப்பழம், தக்காளி, பட்டை, கிராம்பு, அவகாடோ இலை என்று பட்டியல் நீளும். கடைசியில் கொஞ்சம் சாக்லேட். இதை வைத்துக்கொண்டு 'சாக்லேட் குழம்பு' என்று எழுதுகிறவர்கள் சாப்பிட்டுப் பார்த்தார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. சாக்லேட் தனியாகத் தெரியவே தெரியாது. முதலில் லேசான இனிப்பு, பிறகு புகை வாசம், விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு கசப்பு. நம் நாக்குக்குக் காரம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

பக்கத்து மேசையில் ஒரு பெரிய குடும்பம். கறியைப் பாதியோடு விட்டுவிட்டு, தட்டில் இருந்த குழம்பை டோர்ட்டியாவால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார்கள். வான்கோழி வெறும் சாக்கு, சாப்பாடே அந்தக் குழம்புதான்.

சில்வாக்லே மிளகாய் கூயிகாத்லான் வட்டாரத்தில் கொஞ்சமாகத்தான் விளைகிறது, விலையும் அதிகம். அதனால் வேறு மிளகாய் போட்டுச் சமாளிக்கிற இடங்களும் உண்டு. எந்த மிளகாய் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல சமையல்காரர் என்றால் உள்ளே போய்க் காய்ந்த மிளகாயைக் கையிலேயே எடுத்துவந்து காட்டுவார்.

வஹாக்கா என்றாலே வெட்டுக்கிளி வறுவலைப் பற்றி எல்லோரும் கேட்பீர்கள். பூண்டு, எலுமிச்சை, உப்புப் போட்டு வறுத்தது. மொறுமொறுவென்று புளிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சாப்பிட்டு முடித்ததும் பில் வரவில்லையே என்று கோபப்படாதீர்கள். நீங்களாகக் கேட்கும்வரை கொண்டுவர மாட்டார்கள், கேட்காமல் நீட்டினால் எழுந்து போ என்று சொல்வதுபோல ஆகிவிடும். டிப்ஸ் 10 முதல் 15 சதவீதம் வைப்பது வழக்கம். வெளியே போகும்போது மற்ற மேசைக்காரர்களுக்கு 'ப்ரோவெச்சோ' (நன்றாகச் சாப்பிடுங்கள்) சொல்லிவிட்டுப் போங்கள், முன்பின் தெரியாதவர்களும் அப்படித்தான் சொல்லிப் போகிறார்கள்.

* * *

மேலே எழுதியவர் அசைவக்காரர், கொடுத்து வைத்தவர். நான் சைவம். அதே வஹாக்காவில் என் பாடு வேறு.

பீன்ஸ் சைவம்தானே என்று நம்பி ஆர்டர் பண்ணிவிடாதீர்கள், பல இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான் தாளிக்கிறார்கள். சாதம் கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். மோலேயைக் கரைப்பதும் பெரும்பாலும் அதே சாற்றில்தான். த்லயூடா என்ற பெரிய மொறுமொறு டோர்ட்டியாவில் முதலில் தடவும் அசியெந்தோவும் பன்றிக் கொழுப்பின் அடிமண்டிதான். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் கறித்துண்டு வராதே தவிர, கொழுப்பு வரும். 'சின் மாந்தேகா, சின் கால்தோ தே போயோ' என்று சொல்லப் பழகிக்கொண்டு போனேன். கொழுப்பு வேண்டாம், கோழிச் சாறு வேண்டாம். முகம் சுளிக்காமல் எது ஆகும், எது ஆகாது என்று விரல்விட்டுச் சொன்னார்கள்.

எனக்குக் கிடைத்தவை மோசமில்லை. பூசணிப்பூவும் கெஸியோ என்ற நூல்நூலாய்ப் பிரியும் பாலாடைக்கட்டியும் வைத்து கோமாலில் சுட்ட கெஸதியா என்ற மடித்த டோர்ட்டியா. சப்பாத்திக் கள்ளி மடலை முள் நீக்கிச் செய்த சாலட். எல்லாவற்றையும்விட சோப்பா தே கியாஸ், பூசணிக் கொடியின் இளந்தளிர், பூ, பிஞ்சு, சோளம் எல்லாம் போட்ட மழைக்காலச் சூப். மோலே புகழில் இதை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு அந்த ஊரின் சிறந்த சாப்பாடு இதுதான். இதிலும் சாறு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

கடைசியில் சாக்லேட் குடிக்கும்போது பாலிலா தண்ணீரிலா என்பார்கள். தண்ணீரிலேயே கேளுங்கள். மரக் கடைகோலால் நுரைக்க நுரைக்கக் கடைந்து தருவார்கள், கூடவே முட்டைமஞ்சள் சேர்த்த பன் வரும். முட்டை ஆகாதவர்கள் பன்னை மட்டும் தவிர்த்துவிடலாம்.