ஏசி மாட்ட இரண்டு கொட்டேஷன், ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கேள்வி: ஒரே 1.5 டன் ஸ்பிளிட் ஏசிதான். ஒருவர் கேட்பதில் பாதிதான் இன்னொருவர் கேட்கிறார். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில் 1: வேக்குவம் பம்ப் (பைப்பிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் பம்ப்) போடுவாரா என்று கேளுங்கள். மலிவாகச் செய்பவர் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுவதோடு முடித்துவிடுவார். பைப்பில் தங்கும் ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரஸரைக் காலி செய்யும். பைப்புக்குள் அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வேக்குவத்தை அளக்கும் அலகு) கீழே இறக்க வேண்டும். பம்பை நிறுத்திய பிறகும் ரீடிங் பெரிதாக ஏறக் கூடாது.

பதில் 2: லீக் டெஸ்ட்டுக்கு நைட்ரஜன்தான். ஆக்சிஜன் ஏற்றினால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கக்கூடும். பல ஏசிகளில் இருக்கும் ஆர்32 என்ற குளிரூட்டும் கேஸ் தீப்பற்றக்கூடியது என்பதையும் மறக்காதீர்கள். லைசென்ஸ் கார்டைக் காட்டினால் மட்டும் போதாது. லைசென்ஸ் நம்பரை வாங்கி, வழங்கிய துறையிடமே சரிபாருங்கள்.

பதில் 3: கொட்டேஷனில் பைப் நீளம் எழுதியிருக்கிறதா? கம்பெனி நிரப்பிய கேஸ் குறிப்பிட்ட நீளத்துக்குத்தான். கூடுதல் மீட்டருக்கு எத்தனை கிராம் கேஸ் என்பது மேனுவலில் இருக்கும். தராசில் நிறுத்தே போடச் சொல்லுங்கள்.