குடிநீரில் பிஃபாஸ்: யார் சொல்வதை நம்புவது?

புதுக்குழாய்:
எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் ஏழு மாதக் குழந்தை, குழாய்த் தண்ணீரில்தான் ஃபார்முலா பால் கலக்கிறோம். போன வாரம் எங்கள் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் யாரோ ‘தண்ணீரில் நிரந்தர ரசாயனம், புற்றுநோய் நிச்சயம்’ என்று பிஃபாஸ் (எளிதில் சிதையாத ரசாயனங்களின் கூட்டம்) பற்றி ஒரு வீடியோவைத் தட்டிவிட்டார்கள், அன்றிலிருந்து மனைவிக்குத் தூக்கம் இல்லை, அதனால் எனக்கும் இல்லை. நானே தேடிப் பார்த்தேன். ஒரு தளத்தில் 70 வரை பரவாயில்லை என்கிறான், இன்னொன்றில் 14, வேறொன்றில் 4, ஓரிடத்தில் 0.004. இதில் எது சரி? போதாக்குறைக்கு சனிக்கிழமை ஒருவர் வீட்டுக்கே வந்து டம்ளரில் டிடிஎஸ் மீட்டரை விட்டு, ‘280 காட்டுது பாருங்க, இதில் பிஃபாஸும் இருக்கு’ என்று 4,000 டாலருக்கு ஒரு மெஷின் விலை சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் கம்பெனிக்கு போன் செய்தால் ‘எல்லா விதிகளுக்கும் உட்பட்டே இருக்கிறது’ என்று ஒரே வரி. யாரைத்தான் நம்புவது?

சோதனைக்குழாய்:
முதலில் அந்த டிடிஎஸ் ஆசாமியை மறந்துவிடுங்கள். நம் ஊரில் ஆர்ஓ விற்க வருபவர்கள் காட்டும் அதே வித்தைதான், கடல் தாண்டி வந்திருக்கிறது. அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்துக் கரைந்திருக்கும் உப்பைக் கணக்குப் போடும், அதுவும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில். பிஃபாஸ் பேசப்படுவது பிபிடியில், அதாவது லட்சம் கோடியில் ஒரு பங்கு, லிட்டருக்கு ஒரு நானோகிராம். அவர் காட்டிய 280ஐ இந்த அலகில் எழுதினால் 28 கோடி. கால்சியமும் உப்பும்தான் அது. பிஃபாஸை அளக்க மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற நுட்பமான கருவியில் ஓட்ட வேண்டும். அறிக்கையில் இபிஏவின் (அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) முறை எண் 533 அல்லது 537.1 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்களைக் குழப்பும் எண்கள் நான்குமே பிபிடி கணக்கில் உண்மைதான், ஆனால் வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவை. பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டும் பிஃபாஸ் குடும்பத்து ரசாயனங்கள். 2009இல் இபிஏ சொன்ன தற்காலிக அளவு பிஎஃப்ஓஏவுக்கு 400. 2016இல் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டும் சேர்ந்து 70 என்றார்கள். அதுவும் ஆலோசனைதான், சட்டமில்லை. நியூ ஜெர்சி காத்திருக்காமல் 2020இல் தானே சட்டம் போட்டது: பிஎஃப்ஓஏ 14, பிஎஃப்ஓஎஸ் 13. அந்த 0.004 என்பது 2022இல் இபிஏ உடல்நலக் கணக்கை மட்டும் வைத்துச் சொன்ன இடைக்கால ஆலோசனை, வழக்கமான ஆய்வகக் கருவிகளால் அவ்வளவு கீழே அளக்கவே முடியாது. 2024 ஏப்ரலில் நாடு முழுவதற்குமான சட்ட வரம்பு வந்தது, இரண்டுக்கும் தலா 4. அதை எட்ட 2029 வரை கொடுத்திருந்த அவகாசத்தை 2031 வரை நீட்டப் போவதாக 2025 மே மாதம் அறிவித்தார்கள். அதனால் தேதி போடாத பக்கம் என்றால் மூடிவிடுங்கள். அலகையும் பாருங்கள். ஐரோப்பாவில் 20 ரசாயனங்களின் கூட்டுத்தொகைக்கு 0.1 என்று இருக்கும், பார்த்தால் 4ஐவிடக் குறைவு போலத் தெரியும். அது லிட்டருக்கு மைக்ரோகிராம், நம் நானோகிராம் கணக்கில் 100.

சந்தேகராமன்:
கணக்கெல்லாம் சரி சார், ஆனால் அரசாங்கம் சொன்னால் போதும் என்று விட்டுவிட முடியாது. நியூயார்க் மாநிலத்தில் ஹூசிக் ஃபால்ஸ் என்று சின்ன ஊர். அங்கே சிறுநீரகப் புற்றுநோயில் அப்பாவை இழந்த ஒருவர், ஊரில் டெஃப்ளான் சார்ந்த பொருள் செய்யும் ஆலை இருக்கிறதே என்று யோசித்து, 2014இல் தன் கைக்காசில் குழாய்த் தண்ணீரைச் சோதிக்க அனுப்பினார். அப்படித்தான் அதில் பிஎஃப்ஓஏ இருக்கும் விஷயமே வெளியே வந்தது. ‘குடிக்காதீர்கள்’ என்று இபிஏ சொல்வதற்கு 2015ஆம் ஆண்டின் கடைசி ஆகிவிட்டது.

அதே நேரம் வீடியோக்காரர்களின் ‘நிச்சயம்’ என்ற வார்த்தையும் வேண்டாம். மேற்கு வர்ஜீனியா பார்க்கர்ஸ்பர்க் பக்கம் டெஃப்ளான் ஆலையிலிருந்து பிஎஃப்ஓஏ குடிநீரில் கலந்த வழக்கில் டூபாண்ட் கம்பெனித் தரப்பும் மக்கள் தரப்பும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட மூன்று நோய்ப்பரவல் நிபுணர்கள், சுமார் 69,000 பேரின் ரத்தப் பரிசோதனையையும் வைத்து ஆராய்ந்தார்கள். 2012இல் அவர்கள் சொன்னது, ஆறு நோய்களுக்கு பிஎஃப்ஓஏவுடன் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று. சிறுநீரகப் புற்றுநோய், விந்தகப் புற்றுநோய், தைராய்டு நோய், ரத்தத்தில் அதிகக் கொழுப்பு, பெருங்குடல் புண் அழற்சி, கர்ப்பகால ரத்த அழுத்தம். எல்லா நோயும் இதனால்தான் என்று அவர்கள் சொல்லவே இல்லை, நிறைய நோய்களுக்குத் தொடர்பு தெரியவில்லை என்றும் அதே ஆட்கள்தான் எழுதினார்கள். எனக்கு அந்த அறிக்கைமேல் நம்பிக்கை வந்ததே அதனால்தான்.

கிணற்றுக்காரி:
இதே நியூ ஜெர்சியில் ஹண்டர்டன் கவுண்டியில் எங்கள் வீட்டுக்குச் சொந்தக் கிணறு, அதனால் ஊர்த் தண்ணீர் அறிக்கை எதுவும் எங்களுக்கு உதவாது. இந்த மாநிலத்தில் வீடு கைமாறும்போது கிணற்று நீரைச் சோதித்தே ஆக வேண்டும், 2021 டிசம்பரிலிருந்து அந்தப் பட்டியலில் பிஃபாஸும் உண்டு. ஆனால் நாங்கள் அதற்கு முன்பே வாங்கியவர்கள், யாரும் சொல்லவில்லை, நாங்களாகவே மாநில அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகத் தேடிச் சில நூறு டாலர் கொடுத்துச் செய்தோம். தம்பி, உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம். ஊர்த் தண்ணீர் என்றால் மாநிலத்தின் ‘ட்ரிங்கிங் வாட்டர் வாட்ச்’ தளத்தில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டால் ஒவ்வொரு மாதிரியின் முடிவும் தேதியோடு வரும். கம்பெனி வருடாவருடம் ஜூலை 1க்குள் தரும் தர அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனில் பேசுபவருக்கு ஒரு வரிக்கு மேல் தெரியாது, பாவம்.

புதுக்குழாய்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன தளத்தில் பார்த்துவிட்டேன். எங்கள் தண்ணீரில் பிஎஃப்ஓஏ கடைசி நான்கு காலாண்டுகளில் 6.1, 5.4, 7.0, அப்புறம் ஒன்றில் ‘கண்டறியப்படவில்லை’. அப்படியென்றால் அந்த முறை சுத்தமா? 14க்குக் கீழே, 4க்கு மேலே, இதை எப்படி எடுத்துக்கொள்வது? தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதுமா?

சோதனைக்குழாய்:
‘கண்டறியப்படவில்லை’ என்றால் பூஜ்யம் இல்லை, ஆய்வகம் அறிக்கையில் எழுதும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே என்று அர்த்தம். அந்த அளவு பல சோதனைகளில் 4. அன்று 3.8 இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பார்கள். வரம்பு மீறலும் ஒரு மாதிரியை வைத்து முடிவாவதில்லை, ஓராண்டின் சராசரிதான் கணக்கு. அதனால் இன்றைய மாநிலச் சட்டப்படி உங்கள் கம்பெனி சொன்ன அந்த ஒரு வரி பொய்யில்லை, ஆனால் 2031க்குள் அவர்கள் ஏதாவது செய்தாக வேண்டிய தண்ணீர்தான் இது.

கொதிக்க வைக்காதீர்கள். தண்ணீர்தான் ஆவியாகும், இது அப்படியே தங்கி இன்னும் கொஞ்சம் செறிவாகும். உடல் எடைக்குக் குழந்தை குடிக்கும் தண்ணீர் நம்மைவிட அதிகம், எனவே என் வீடாக இருந்தால் சமையலறைக் குழாய்க்கு மட்டும் சிங்க்குக்கு அடியில் ஒரு சின்ன ஆர்ஓ போட்டிருப்பேன். என்எஸ்எஃப் 58 (ஆர்ஓ கருவிகளுக்கான தரம்) சான்று, அதிலும் பிஃபாஸ் குறைப்புக்கென்று அந்த மாடல் எண்ணுக்கே சான்று இருக்கிறதா என்று சான்றளித்தவர்களின் தளத்தில் பாருங்கள், பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வைத்து வாங்காதீர்கள். இந்தச் சான்று இருந்தால் 4க்குக் கீழே வரும் என்று அர்த்தமில்லை என இபிஏவே சொல்லியிருக்கிறது, ஆனாலும் குறைக்கும். உள்ளே இருக்கும் ஃபில்டரைக் காலத்தில் மாற்றாவிட்டால் இவ்வளவும் வீண்.

புதுக்குழாய்:
சரிங்க, அப்படியே செய்கிறேன். அந்த மெஷின்காரர் நேற்று மறுபடி போன் செய்தார். மாடல் எண்ணும் சான்று விவரமும் அனுப்புங்கள் என்றேன், உடனே அனுப்புகிறேன் என்றார். இன்னும் வரவில்லை.