தயிர்ச் சட்டிக்கு ஒரு கார்ட்டூன் பாத்திரம்: பாடும் மீனா, எருமையா?

படுவான்கரைத் தயிர்க்காரன் கேட்கிறார்:

வணக்கம். எங்கள் குடும்பம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இரண்டு தலைமுறையாக எருமைத் தயிர் செய்து விற்று வருகிறது. அப்பாவின் காலத்தில் சட்டியின் வாயைப் பழைய பத்திரிகைத் தாளால் மூடி, சணற்கயிற்றால் கட்டி, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனால் போதும். வாங்குகிறவர்களுக்கு அப்பாவையும் தெரியும், பட்டியையும் தெரியும். இப்போது மட்டக்களப்பு நகரத்தில் நான்கு கடைகளுக்கும் கல்முனையில் இரண்டு கடைகளுக்கும் போடுகிறோம். அங்கே வேறு மூன்று பேருடைய சட்டிகளுக்கு நடுவில் எங்கள் சட்டியும் இருக்கிறது, எது எவருடையது என்று கடைக்காரருக்கே தெரிவதில்லை.

ஆகவே அடையாளமாக ஒரு கார்ட்டூன் பாத்திரத்தை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, லேபல் வடிவமைக்கும் ஓர் இடத்துக்குப் போனேன். கறுப்பு வெள்ளைத் திட்டுகளோடு, கழுத்தில் மணி கட்டி, பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு பசுவைத் தந்தார்கள். ஆயிரம் தாள் அடித்த பிறகு, அதே பசு, அதே மணியோடு, வேறு மாவட்டத்துப் பால் ரொபிப் பொதியொன்றில் சிரித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். அது இணையத்தில் எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆயத்தப் படமாம். அதைவிட, எங்கள் பட்டியில் அப்படியொரு மாடு பிறந்ததே இல்லை. நாங்கள் விற்பது எருமைத் தயிர்.

இப்போது தம்பி, மீன்பாடும் தேன்நாடு என்று பெயர்பெற்ற மட்டக்களப்புக்காரர் என்றபடியால் தயிர்ச் சட்டியைத் தூக்கிப் பாடுகிற மீனைப் போடுவோம் என்கிறான். எனக்கு எருமையைப் போட விருப்பம். ஆனால் வீட்டில், "எருமை என்று ஆட்களை ஏசத்தானே சொல்லுவார்கள், அதைப் போய் லேபலில் போடுவதா?" என்று கேட்கிறார்கள். எது நல்லது? அந்தப் பாத்திரத்தை வைத்து முகநூலில் மாதம் ஒரு சித்திரக்கதை போடுவது பயன்தருமா? செயற்கை நுண்ணறிவுச் செயலியில் வரைவித்தால் போதுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லவும்.

கோட்டோவியன் எழுதுகிறார்:

நான் கல்லடியில் இருந்து படம் வரைந்து பிழைக்கிறவன்; எனவே என் பதிலில் சுயநலம் கொஞ்சம் இருக்கும், கழித்துக்கொண்டு வாசிக்கவும்.

மீனை விட்டுவிடுங்கள். கல்லடிப் பாலத்தடியில் இருந்து என் வீட்டுக்கு வருவதற்குள், விடுதி, பேக்கரி, ஆட்டோ, விளையாட்டுக் கழகம் என்று எத்தனையோ மீன்களைத் தினமும் கடந்து வருகிறேன். மீனைப் பார்த்தவுடன் மட்டக்களப்பு என்று விளங்கும். தயிர் என்று விளங்காது, உங்கள் தயிர் என்று ஒருபோதும் விளங்காது. நெடுநாள் நின்ற பாத்திரங்கள் பலவும் விற்கிற பொருளில் இருந்தே பிறந்தவை. பிரான்சில் டயர் செய்த மிச்செலின் சகோதரர்கள் 1894இல் லியோன் கண்காட்சியில் அடுக்கி வைத்த டயர்களைப் பார்த்து, கை முளைத்தால் இது ஒரு மனிதன்தானே என்று பேசிக்கொண்டதாகச் சொல்லுவார்கள். ஓகலோப் என்ற ஓவியர் 1898இல் அவனை வரைந்தார். அவன் இன்றைக்கும் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், அந்நாளில் டயர்கள் கறுப்பாக இல்லாததுதான்.

எருமை ஏச்சுச் சொல் என்பது உண்மை. எமனின் வாகனம் என்றும் ஒருவர் நினைவூட்டாமல் இருக்கப்போவதில்லை. ஆனால் அந்த ஏச்சை நாம் எதற்காகச் சொல்கிறோம் என்று பாருங்கள்: அசையாது, அவசரப்படாது, மழை பெய்தாலும் பொருட்படுத்தாது. தயிருக்கு வேண்டிய குணமும் அதுவே அல்லவா? பாலை வற்றக் காய்ச்சி, பதமான சூட்டுக்கு ஆறவிட்டு, உறை ஊற்றி, சட்டியை அசைக்காமல் விடுகிறீர்கள். அவசரப்பட்டுக் கிளறினால் தண்ணீர் விட்டுவிடும். எல்லாரும் ஓட, தான் மட்டும் ஓடாத ஓர் எருமை உங்களிடம் இருந்தால், ஏச்சே பகிடியாகிவிடும். வீட்டாருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது அளவு. உங்கள் சட்டி சுடுமண்; அது வியர்க்கும். பக்கத்தில் ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒரு நாளில் கழன்றுவிடும், ஆகவே படம் வரவேண்டிய இடம் வாயை மூடுகிற தாள்தான். அந்தத் தாளும் கயிறு கட்டியவுடன் ஓரம் முழுவதும் சுருங்கிவிடுவதால், உங்களுக்கு மிஞ்சுவது நடுவில் ஓர் உள்ளங்கை அகலம் மட்டுமே. எனவே ஒரே நிறத்தில், றப்பர் முத்திரையாகக் குத்தினாலும் விளங்கக்கூடிய உருவமாக இருக்க வேண்டும். எருமைக்கு அந்த வசதி இயற்கையாகவே உண்டு: பின்னோக்கி வளைந்த இரண்டு பிறைக் கொம்புகளையும் ஒரு மூக்கையும் போட்டால் வேலை முடிந்தது. நிழல், மினுக்கம், பத்து நிறம் எல்லாம் ஈரத்தாளில் ஊறி ஒன்றாகிவிடும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி: ஒரு படத்துக்கு அது போதும், ஒரு பாத்திரத்துக்குப் போதாது. நான் பரீட்சித்துப் பார்த்தபோது முதற் படத்தில் கொம்பு பின்னே வளைந்தது, அடுத்ததில் மேலே நிமிர்ந்தது, மூன்றாவதில் காதுக்குக் கீழே முளைத்தது. யாரிடம் வரைவித்தாலும் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், சிரிப்பு, கோபம், நித்திரை என்று ஒரு மாதிரித் தாளைக் கேட்டு வாங்குங்கள். படக் கோப்பினை, எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதையாத வெக்டர் வடிவில் வாங்குங்கள். எழுத்துகளை உருவமாக மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு மட்டும் வைத்திருக்கும் அச்சகத்தில் திறந்தவுடன் உங்கள் கடைப்பெயர் நண்டு நடந்த மணலாகிவிடும். எனக்கு நடந்திருக்கிறது.

மருதமுனைத் தறி எழுதுகிறார்:

தம்பி, எங்களுடையது சாரம் (லுங்கி) வியாபாரம். ஆனாலும் உங்கள் கேள்வி எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதந்தான்.

கல்முனைக் கடைகளுக்குப் போடுவதாகச் சொல்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் மார்க்க நம்பிக்கையால் உயிருள்ளவற்றின் முகத்தைப் படமாகத் தொங்கவிட விரும்பாத கடைக்காரர்களும் குடும்பங்களும் உண்டு. எல்லாரும் அப்படியல்ல, ஆனால் இருக்கிறார்கள், சொல்லவும் மாட்டார்கள், பொருளை உள்ளே தள்ளி வைத்துவிடுவார்கள். எங்கள் முதல் லேபலில் மீசை வைத்த நெசவாளி ஒருவர் சிரித்துக்கொண்டு இருந்தார். இப்போது நூலைக் கொண்டு குறுக்கே ஓடுகிற தறியின் நாடாவுக்கு இரண்டு கால் மட்டும் வைத்து, ஓடுகிற மாதிரிப் போட்டிருக்கிறோம்; கண்ணும் இல்லை, வாயும் இல்லை. "ஓடுற நாடாச் சாரம் தாங்க" என்று கேட்டு வாங்குகிறார்கள். கோட்டோவியன் சொன்ன கொம்பைச் சட்டியின் வாயிலிருந்து எழும்புகிற இரண்டு பிறைகளாகப் போட்டால், அதுவே எருமை, அதுவே சட்டி. முகம் வேண்டிய இடத்தில் முகத்தோடு, வேண்டாத இடத்தில் கொம்போடு மட்டும் பயன்படுத்தலாம்.

மீனைப் பற்றி எனக்கு வேறு எண்ணம். அது எவருக்கும் தனிச்சொத்தாகக் கூடாது, ஆனால் வீணாகவும் கூடாது. யப்பானில் குமமொட்டோ மாகாணம் 2010இல் குமமொன் என்று ஒரு கறுப்புக் கரடியை உருவாக்கியது. அடுத்த ஆண்டு கியூஷு அதிவேக ரயில் முழுப்பாதையும் திறக்கவிருந்ததால், ஆட்களைத் தங்கள் ஊரிலும் இறங்க வைக்க வேண்டும் என்ற எண்ணம். அந்தக் கரடியை உள்ளூர் வியாபாரிகள் விண்ணப்பித்து அனுமதி பெற்றால், உரிமைக் கட்டணமின்றித் தங்கள் பொதிகளில் போடலாம். நம்முடைய மீனுக்கும் ஒரே உருவம், ஒரே ஒழுங்கு என்று யாராவது பொறுப்பெடுத்துச் செய்தால், உங்கள் எருமையின் பக்கத்தில் ஒரு மூலையில் அந்த மீனும் வரலாம், எங்கள் நாடாவின் பக்கத்திலும் வரலாம். அதுவரைக்கும் ஆளுக்கொரு மீன்தான்.

எருமை தயாரானதும் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பியுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு 10 ஆண்டுகளுக்கு; பிறகு புதுப்பிக்கலாம். பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்: தயிர் 29ஆம் வகுப்பு. நாளைக்குப் பால் ரொபியும் செய்யப்போகிறீர்கள் என்றால் அது 30, ஆகவே முன்கூட்டியே யோசியுங்கள். வரைகிறவரிடம் உரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். கோட்டோவியன் கோபிக்கக் கூடாது.

கோட்டோவியன்:

கோபமில்லை. உரிமைக்கும் சேர்த்து விலை சொல்லுவேன், அவ்வளவுதான்.

வாவிக்கரை வாசகி எழுதுகிறார்:

சித்திரக்கதையைப் பற்றி இன்னும் எவரும் பேசவில்லை. உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது. இந்தியாவின் அமுல் வெண்ணெய் விளம்பரத்தில் வருகிற கார்ட்டூன் சிறுமியை 1966இல் சில்வெஸ்டர் டகுன்ஹாவின் விளம்பரக் குழுவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸும் உருவாக்கினார்கள். புள்ளிச் சட்டை, உச்சிக் குடுமி. படம் ஏறக்குறைய அதேதான். அவளை இவ்வளவு காலமாகப் பேச வைத்திருப்பது நாட்டுநடப்பைப் பிடித்து எழுதுகிற அந்த ஒற்றை வரி. ஆகவே, படம் வரைய ஆளைத் தேடுமுன் வசனம் எழுத ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதம் போட்டுவிட்டு நிறுத்திய சித்திரக்கதை, பூட்டிய கடையின் பெயர்ப்பலகை மாதிரி.

வசனம் எழுத்துத் தமிழில் வேண்டாம். சிரித்திரன் நகைச்சுவை இதழை நடத்திய ஓவியர் சுந்தரின் கார்ட்டூன் பாத்திரமான சவாரித்தம்பரை இன்றைக்கும் மூத்தவர்கள் நினைவு வைத்திருப்பது அவருடைய பேச்சுக்காகத்தான். அது யாழ்ப்பாணப் பேச்சு. உங்கள் எருமை படுவான்கரைப் பேச்சுப் பேசட்டும். இன்னொன்று, தமிழ்ச் சொற்கள் நீளமானவை. முதலில் வசனக் குமிழை வரைந்துவிட்டுப் பிறகு எழுத்தை நெருக்கினால் கைப்பேசியில் எவராலும் வாசிக்க முடியாது. வசனத்தை எழுதி, வெட்டி, மிஞ்சியதைச் சுற்றிக் குமிழை வரையச் சொல்லுங்கள்.

ஒரு கவலையும் உண்டு. கார்ட்டூன் என்றால் பிள்ளைகள்தான் முதலில் கை நீட்டுவார்கள். ஒட்டகத்தை வைத்துச் சிகரெட் விற்ற ஜோ கெமல் விளம்பரத்தை, பிள்ளைகளைக் குறிவைக்கிறது என்ற எதிர்ப்பு வளர்ந்து வளர்ந்து, 1997இல் அமெரிக்காவில் கைவிட வேண்டி வந்தது. சீனி, உப்பு, கொழுப்பு அளவுக்கு மிஞ்சிய உணவுப் பொதிகளில் பிள்ளைகளைக் கவரும் கார்ட்டூன்களைச் சிலி நாடு 2016இல் தடை செய்தது. சட்டித் தயிருக்கு இது பொருந்தாது. ஆனால் நாளைக்குச் சீனியும் நிறமும் போட்டுச் சின்னக் கோப்பையில் யோகட் விற்கத் தொடங்கினால், அந்தக் கோப்பையில் எருமை சிரிக்கக் கூடாது என்பது என் கருத்து.

படுவான்கரைத் தயிர்க்காரன்:

அனைவருக்கும் நன்றி. எருமை என்று முடிவு செய்துவிட்டோம். சட்டியிலிருந்து எழும்பும் கொம்புதான் முத்திரை, முகம் முகநூலில் மட்டும். வசனம் எழுதும் பொறுப்பு அம்மாவுடையது, ஏனென்றால் வீட்டில் நாக்கு அவருக்குத்தான். மாதம் ஒன்று என்பதை விட்டு, முதலில் ஆறு எழுதி முடித்த பிறகே ஒன்றைப் போடுவது என்று வைத்திருக்கிறோம். முதலாவது இது, மூன்று கட்டம்.

கட்டம் ஒன்று: காகம் சட்டிக்கு மேலே குனிந்து, "என்னகா, இன்னும் உறையல்லையா?"

கட்டம் இரண்டு: எருமை தண்ணீருக்குள் கிடந்தபடி, "அவசரப்படாம இரி. மறுகா வந்து பாரு."

கட்டம் மூன்று: விடிந்துவிட்டது. காகம் சட்டிப் பக்கத்தில் நித்திரை. எருமை தண்ணீருக்குள் அதே இடத்தில். வசனம் இல்லை.

கோட்டோவியன்:

மூன்றாவது கட்டத்தில் வசனம் போடாமல் விட்டதற்கு அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒரே ஒரு திருத்தம்: உறைகிற சட்டியைக் காகத்துக்கு எட்டுகிற இடத்தில் திறந்து வைப்பதை உணவுப் பரிசோதகர் பார்த்தால் சிரிக்க மாட்டார். சட்டிக்கு மூடித் தாளையும் கயிற்றையும் போட்டு வரைகிறேன். தாளில் முத்திரையும் தெரியும்.