மரபணு பழுதில்லை, ஆனாலும் வேலை செய்யவில்லை: எஸ்என்எஃப்2 ஈஸ்ட் பற்றி ஒரு சந்தேகம்

செமினார்_பயம்:
எம்.எஸ்சி. செமினாருக்குக் குரோமாட்டின் (டிஎன்ஏவும் அது சுற்றியிருக்கும் புரதங்களும் சேர்ந்த கட்டு) மறுசீரமைப்புப் புரதங்களை எடுத்திருக்கிறேன். எங்கே பார்த்தாலும் "டிஎன்ஏவைத் திறந்துவிடும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவற்றில் ஒன்றான எஸ்என்எஃப்2 கெட்டுப்போன ஈஸ்ட் குளுக்கோஸில் மெதுவாகவாவது வளர்கிறது, சுக்ரோஸ் மட்டும் கொடுத்தால் திணறுகிறது. சுக்ரோஸை உடைக்கும் இன்வர்டேஸ் நொதிக்கான எஸ்யுசி2 மரபணு அப்படியேதான் இருக்கிறது. பிறகு எதுதான் தடுக்கிறது? எந்த மரபணுவுக்குப் போக வேண்டும் என்று அந்தப் புரதத்துக்கு யார் சொல்வது?

ஈஸ்ட்வாசி:
தடுப்பது நியூக்ளியோசோம். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருண்டையைச் சுமார் 147 கார இணை நீள டிஎன்ஏ சுற்றியிருக்கும். மரபணுவைப் படிக்கத் தொடங்கும் இடமான புரோமோட்டர் அதில் மாட்டிக்கொண்டால், படித்து ஆர்என்ஏ எழுதும் ஆர்என்ஏ பாலிமரேஸ் கூட்டம் வந்து உட்கார இடமிருக்காது. எஸ்என்எஃப்2 ஏடிபியைச் செலவழித்து டிஎன்ஏவை ஹிஸ்டோன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நகர்த்தும், சில சமயம் ஹிஸ்டோன்களையே கழற்றிவிடும். ஹிஸ்டோன்களில் அசிட்டைல் என்ற வேதித் துணுக்கை ஒட்டுவதெல்லாம் வேறு நொதிகளின் வேலை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1992-இல் வந்த ஒரு சோதனையைக் கட்டாயம் சேருங்கள். ஈஸ்டில் எச்2ஏ, எச்2பி ஹிஸ்டோன்களுக்கு இரண்டு ஜோடி மரபணுக்கள் உண்டு. அதில் ஒரு ஜோடியை நீக்கியதும், எஸ்என்எஃப்2 இல்லாமலேயே எஸ்யுசி2 மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தது. தடை ஹிஸ்டோன்தான் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

மூலக்கூறு_மாமா:
முகவரி சொல்வது பெரும்பாலும் டிஎன்ஏ வரிசையை அடையாளம் காணும் புரதங்கள். ஈஸ்டின் எச்ஓ என்ற மரபணுவில் ஸ்வி5 என்ற அப்படிப்பட்ட புரதம் முதலில் வந்து உட்காரும், அது எஸ்என்எஃப்2 உறுப்பாக உள்ள எஸ்டபிள்யூஐ/எஸ்என்எஃப் கூட்டத்தை வரவழைக்கும், அப்புறம்தான் அசிட்டைல் ஒட்டும் சாகா கூட்டம் வரும். எஸ்என்எஃப்2-இல் புரோமோடொமைன் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அது அசிட்டைல் ஒட்டிய ஹிஸ்டோனைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, தயவுசெய்து "திறக்கும் புரதம்" என்று தலைப்பு வைக்காதீர்கள். ஐஎஸ்டபிள்யூ2 என்ற இன்னொரு மறுசீரமைப்புப் புரதம் நேர் எதிர். டிஎன்ஏ வரிசையை அடையாளம் காணும் யூஎம்இ6 அதை அழைத்து வந்து, ஒடுக்கற்பிரிவுக்கான மரபணுக்களின் புரோமோட்டர் மேல் நியூக்ளியோசோமைத் தள்ளிவைத்து அவற்றை அடக்கிவிடும். நகர்த்துவதுதான் தொழில், மரபணு விழிப்பதும் உறங்குவதும் எங்கே நகர்த்தினார்கள் என்பதைப் பொறுத்தது.

செமினார்_பயம்:
சரி சார், ஐஎஸ்டபிள்யூ2-க்குத் தனி ஸ்லைடே போட்டுவிடுகிறேன். மனிதர்களில் ஏதாவது உதாரணம்?

நோய்க்குறியியல்:
ராப்டாய்டு கட்டி. சின்னக் குழந்தைகளுக்கு வரும், மிக மோசமான புற்றுநோய். இதே எஸ்டபிள்யூஐ/எஸ்என்எஃப் கூட்டத்தின் மனித வடிவத்தில் உள்ள எஸ்எம்ஏஆர்சிபி1 என்ற உறுப்பு தொலைந்துபோவதுதான் காரணம் என்று 1998-இல் தெரிந்தது. மற்ற புற்றுநோய்களைப் போல மரபணுத் தொகுதி முழுக்கச் சேதம் இருக்காது, பெரும்பாலும் இந்த ஒன்றுதான் போயிருக்கும். லேபில் ஐஎன்ஐ1 சாயம் போட்டுப் பார்ப்போம் (அதே புரதத்தின் இன்னொரு பெயர்). சுற்றியுள்ள ரத்தக்குழாய்ச் செல்களின் உட்கரு பழுப்பாகத் தெரியும், கட்டிச் செல்களின் உட்கரு மட்டும் சாயமே ஏறாமல் நீலமாக நிற்கும். அந்தப் படம் ஒன்றை ஸ்லைடில் போடுங்கள்.