ஆக்டர்-மியூசிஷியனுக்கு ‘இசைநடிகர்’: கே.பி. சுந்தராம்பாளை வெச்சுப் பார்த்தா

எல்லாருக்கும் வணக்கம்.

பாத்திரத்துக்கான இசையைத் தானே பாடி, வாசிச்சு நடிக்கறவரைச் சொல்ற ஆக்டர்-மியூசிஷியன்கற சொல்லுக்கு, நம்ம கலைக்களஞ்சியப் பதிவுகள்ல தமிழ்ல என்ன வைக்கலாம்னு இந்த உரையாடல்ல இதுவரைக்கும் வந்ததெல்லாம் படிச்சேன். பாடகநடிகர், நடிகஇசைஞர், பாணர், விறலி, தன்குரல் நடிகர் இவ்வளவும் வந்தாச்சு. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கு, ஆனா சொல்லை மட்டும் தனியா வெச்சுப் பேசினா முடிவே வராது, ஒரு ஆளை எடுத்து அவங்க வாழ்க்கை முழுக்க அந்தச் சொல் பொருந்துதான்னு பார்க்கணும். நான் எடுத்துக்கறது கே.பி. சுந்தராம்பாள். 1908-ல கொடுமுடில பிறந்தவங்க, சின்னக் குழந்தையா இருக்கும்போதே வேலு நாயர் கம்பெனில மேடை ஏறினவங்க, 1973-ல வந்த காரைக்கால் அம்மையார் வரைக்கும் பாடி நடிச்சவங்க. அரை நூற்றாண்டுக்கு மேல ஒரே குரல். இவங்களுக்குப் பொருந்தாத சொல்லை வெச்சுக்கிட்டு நாம என்ன பண்ணப் போறோம்?

முதல்ல இந்தச் சொல் ஏன் வேணும்னு கேட்டவருக்கு ஒரு விஷயம் சொல்லணும். துணைவன் படம் 1969-ல வந்துச்சு. அதுல சுந்தராம்பாள் அம்மா நடிச்சாங்க, பாடினாங்க, அதுக்காக தேசிய விருதும் கெடைச்சுது. எந்தப் பிரிவுலன்னு பாருங்க, சிறந்த பின்னணிப் பாடகி! அதுக்கு முந்தின வருஷத்து விருது பி. சுசீலா அம்மாவுக்கு, உயர்ந்த மனிதன் படத்துக்காக. சுசீலா அம்மா நிஜமாவே பின்னணிப் பாடகி, திரையில வேற ஒருத்தங்க வாயசைக்க இவங்க குரல் குடுப்பாங்க, அந்தச் சொல்லு அவங்களுக்கு அச்சு அசலா பொருந்தும். ஆனா சுந்தராம்பாள் யாருக்குப் பின்னணி? பாடறதும் அவங்க, கேமரா முன்னாடி நிக்கறதும் அவங்க. விருது குடுத்தவங்களைக் குறை சொல்லல, அவங்க கிட்ட அதுக்குன்னு ஒரு பிரிவோ பேரோ இல்ல, இருந்த பெட்டியில போட்டுட்டாங்க. 1930-கள்ல தமிழ் சினிமால இது பேரே தேவைப்படாத சாதாரண விஷயம், ஏன்னா பாடத் தெரியாதவங்களுக்கு நடிக்க சான்ஸே கம்மி. 1969 வரும்போது அது அபூர்வமாயிடுச்சு. அபூர்வமானதுக்குத்தான் பேர் வேணும்.

எப்போ மாறிச்சுன்னா, ஏவிஎம்மோட ஸ்ரீவள்ளி, 1945. டி.ஆர். மகாலிங்கம் சொந்தக் குரல்ல முருகன், ருக்மிணி வள்ளி. படமெடுத்த பிறகு வள்ளி பாட்டுங்களை மட்டும் பி.ஏ. பெரியநாயகி குரல்ல மாத்தி வெச்சாங்க. ஒரே படத்துல ஜோடியா வர்ற ரெண்டு பேர்ல ஒருத்தர் பழைய மரபு, இன்னொருத்தர் புது முறை. அதுக்கப்புறம் பத்துப் பதினஞ்சு வருஷத்துல முகம் வேற குரல் வேறங்கறது எல்லாருக்கும் பழகிப் போச்சு.

இப்ப சொற்களுக்கு வர்றேன்.

பாடகநடிகர்ங்கறதுல எனக்கு என்ன உறுத்தல்னா, அது ரெண்டு வேலையைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒட்டின மாதிரி இருக்கு, காலையில பாடகர் சாயங்காலம் நடிகர்ங்கற மாதிரி. ஸ்பெஷல் நாடகம்கற இசை நாடகம் பார்த்தவங்களுக்குத் தெரியும், அங்க அப்படிப் பிரிக்கவே முடியாது. எங்க பக்கம் கோயில் திருவிழான்னா வள்ளி திருமணம் வைப்பாங்க, சங்கரதாஸ் சுவாமிகள் எழுதினது. மேடை ஓரத்துல பெடல் ஹார்மோனியம், பக்கத்துல மிருதங்கம், டோலக். ராஜபார்ட், அதாவது நாயக வேஷக்காரர், உள்ள இருந்து, இன்னும் ஆளே தெரியாது, முதல் வரியை இழுப்பார். ஹார்மோனியக்காரர் அந்த ஒத்தைக் குரல்லயே ஆளோட சுதி எத்தனை கட்டைன்னு பிடிச்சு, காலு மிதிச்சுக்கிட்டே பின்பாட்டும் எடுத்துடுவார். நடிகர்ங்க ஆளுக்கொரு ஊர்ல இருந்து அன்னிக்குத்தான் வந்து எறங்கியிருப்பாங்க, ஒத்திகைன்னு ஒண்ணும் கெடையாது. அப்புறம் வள்ளிக்கும் வேடனுக்கும் தர்க்கம் ஆரம்பிக்கும், ஒருத்தர் வசனத்துல மடக்குவார், இன்னொருத்தர் விருத்தத்துல திருப்பிக் குடுப்பார், அது அப்படியே பாட்டா மாறும், பாட்டு நடுவுல மறுபடி பேச்சு வரும். இதுல எது நடிப்பு எது பாட்டு, கோடு கிழிக்க முடியுமா? நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இந்தப் பட்டறையில வளந்தவங்க. மைக் இல்லாத காலம் வேற, கடைசி வரிசைல தரையில உக்காந்திருக்கறவனுக்கும் சொல் சொல்லா கேக்கணும், அதனாலதான் அவ்வளவு உச்ச சுதி, அவ்வளவு சுத்தமான உச்சரிப்பு. அது வித்வான் கச்சேரிக்காகப் பழகின குரல் இல்ல, வேஷம் கட்டி நிக்கறதுக்காகப் பழகின குரல்.

அந்தக் குரலை வெச்சு அவங்க என்ன பண்ணாங்கன்னு பாருங்க, எனக்கு இதுதான் முக்கியமான சாட்சி. கொழும்புல நாடகம் போடப் போன எடத்துல கிட்டப்பாவோட சேர்ந்து நடிச்சு, 1927-ல கல்யாணம், 1933 டிசம்பர்ல அவர் போயிட்டார், இவங்களுக்கு வயசு 25. அதுக்கப்புறம் வெள்ளைப் புடவை, ஆம்பளைக்கு ஜோடியா நடிக்கறதில்லைன்னு முடிவு. வேற எந்த நடிகையா இருந்தாலும் அதோட கதை முடிஞ்சிருக்கும். இவங்க 1935-ல பக்த நந்தனார்ல வந்தாங்க, நந்தனாராவே, ஆம்பளை வேஷத்துல, 1 லட்ச ரூபா சம்பளத்துக்கு. வேதியரா வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். 1940-ல மணிமேகலை. 1953-ல ஜெமினி வாசன் எடுத்த ஔவையார். 1964-ல பூம்புகார்ல கவுந்தி அடிகள். 1965-ல திருவிளையாடல்ல மறுபடி ஔவை. கடைசில காரைக்கால் அம்மையார். வரிசையா படிச்சுப் பாருங்க, தொண்டர், துறவி, கிழவி, சமணப் பெண் துறவி, பேய் உருவம் கேட்டு வாங்கினவங்க. காதல் இல்ல, ஜோடி இல்ல, டூயட் இல்ல. ஒரு கதாநாயகிக்கு சினிமா குடுக்கற எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சுட்டு இத்தனை வருஷம் நின்னாங்கன்னா, நடிப்போட முழு பாரத்தையும் அந்தக் குரல் தூக்கிச்சுன்னுதானே அர்த்தம். வயசையும் ஆண் பெண் வித்தியாசத்தையும் அந்தக் குரல் தாண்டிடுச்சு.

தன்குரல் நடிகர்னு சொன்ன தம்பிக்கு, சொல் அழகா இருக்கு, எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா இப்பவே வேற எடத்துல அதுக்கு வேலை இருக்கு. டப்பிங்ல வேற ஆள் பேசாம தானே பேசற நடிகரையும் தன்குரல்னு சொல்லத் தோணும். அதை அடைமொழியா வெச்சுக்கலாம், "தன்குரலில் பாடியவர்"னு. ஆளைக் குறிக்க வேண்டாம்.

விறலி, பாணர். ஆற்றுப்படை நூல்கள்ல இவங்க வர்ற எடமெல்லாம் எனக்கும் உசிரு. விறல்னா மெய்ப்பாடு, பாட்டையும் ஆட்டத்தையும் உடம்புல உணர்ச்சியா காட்டறவ விறலி, பொருளைப் பார்த்தா இதைவிடப் பொருத்தமான சொல் கெடையாது. ஆனா விறலிக்கு ஆண்பால் இல்ல, பாணர்ங்கறது ஒரு குடியோட பேரு, நந்தனாரா நடிச்சவங்களை விறலின்னும் மகாலிங்கத்தைப் பாணர்னும் ரெண்டு தனித்தனி சொல்லால சொல்ல வேண்டியிருக்கும். கட்டுரைத் தலைப்புக்கு நல்லாருக்கும், கலைச்சொல்லுக்கு ஆகாது.

என் ஓட்டு இசைநடிகர். காரணம் சிம்பிள், அந்தக் கலைக்கு இசை நாடகம்னு பேரு ஏற்கெனவே ஊர்ல இருக்கு, நோட்டீஸ்ல அடிக்கறாங்க, மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் யாரைக் கேட்டாலும் தெரியும். இசை நாடகத்துல இருந்து இசைநடிகர், யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்ல. அர் விகுதி இருக்கறதால ஆண் பெண் ரெண்டுக்கும் ஒண்ணுதான், நடிகைன்னு தனியா வேண்டாம்.

ஐயா ஒருத்தர் கேட்டிருந்தார், இசைக் கலைஞரா வேஷம் போட்டவரையும் இசைநடிகர்னு புரிஞ்சுக்க மாட்டாங்களான்னு. சரியான கேள்வி. திருவிளையாடல் ஒரு படத்தையே எடுத்துக்கலாம். ஹேமநாத பாகவதரா டி.எஸ். பாலையா, குரல் பாலமுரளிகிருஷ்ணா. பாட்டும் நானே பாட்டுல வாத்தியம் வாத்தியமா வாசிக்கற சிவாஜி, குரல் டி.எம்.எஸ். பாணபத்திரரா டி.ஆர். மகாலிங்கம், குரல் அவரே. ஔவையா சுந்தராம்பாள், குரல் அவங்களே. நாலு பேரும் பாடறவங்களாத்தான் வர்றாங்க. பாலையா அந்த ஒரு நாள் போதுமால கழுத்து நரம்பு, கை, அலட்சியமான பார்வை எல்லாம் சேர்த்து பாகவதராவே இருக்கார், அது மகா நடிப்பு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, ஆனா அவரை இசைநடிகர்னு சொல்லக் கூடாது. தில்லானா மோகனாம்பாள்ல சிவாஜி நாதஸ்வரமும் அப்படித்தான், வாசிச்சது மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள். அதனால வரையறையில ஒரு வரி தெளிவா வேணும்: பாத்திரத்துக்கான இசையைத் தானே பாடியோ வாசிச்சோ அதாலயே நடிக்கறவர்.

திருவிளையாடல்ல பழம் நீயப்பா வர்ற எடத்தை வரையறைக்கு உதாரணமாவே போடலாம். கோவிச்சுக்கிட்டு மலைமேல நிக்கற பிள்ளைகிட்ட கிழவி வந்து பேசறாங்க. பேச்சுலயே பாதி ராகம் இருக்கும், கொஞ்சல், கண்டிப்பு, கெஞ்சல் மூணும் கலந்து இருக்கும். பாட்டு எங்க தொடங்குதுன்னு விரல் வெச்சுக் காட்ட முடியாது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது முகத்துல பெருசா ஒண்ணும் மாறாது, கையும் அதிகம் அசையாது, எல்லாத்தையும் குரல் செய்யுது. இயக்கின ஏ.பி. நாகராஜனும் நாடகத்துல இருந்து வந்தவர்தான், அதனாலதான் கேமராவை ஆட்டாம விட்டுட்டார்னு நெனைக்கிறேன்.

எல்லைல நிக்கறவங்க சில பேர் இருக்காங்க. மகாராஜபுரம், முசிறி சுப்பிரமணிய அய்யர், ஜி.என். பாலசுப்பிரமணியம் மாதிரி கச்சேரி வித்வான்கள் படத்துக்கு வந்து போனவங்க, அந்தந்தப் படத்துல இசைநடிகர்னு சொல்லலாம், மொத்தமா அவங்களை அறிமுகப்படுத்தறப்போ வித்வான்னுதான் சொல்லணும். வீணை எஸ். பாலசந்தர் இன்னும் சிக்கல், பெரிய வீணைக் கலைஞர், நடிகர், அந்த நாள், பொம்மை இயக்கினவர். அவர் திறமைங்க ஒவ்வொண்ணும் தனித்தனியா நின்னுச்சு, வீணை ஒரு பக்கம் சினிமா ஒரு பக்கம், அதனால வீணைக் கலைஞர், நடிகர், இயக்குநர்னு கமா போட்டு எழுதறதுதான் அவருக்கு மரியாதை. இந்தக் காலத்து இசையமைப்பாளர்-நடிகர்களுக்கும் அதேதான். தன் பாட்டைத் தானே பாடி நடிச்ச பானுமதி அம்மா கட்டாயம் இசைநடிகர்.

கே.பி. சுந்தராம்பாள் பதிவோட முதல் வரிய இப்படி மாத்தலாம்னு முன்வைக்கிறேன்: "கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் (1908–1980) இசை நாடக மேடையிலும் திரையிலும் விளங்கிய இசைநடிகர், 1951இல் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினரானார், 1970இல் பத்மஸ்ரீ பெற்றார்." விருதுப் பகுதில "சிறந்த பின்னணிப் பாடகி"ங்கறது பிரிவோட பேருங்கறதால அப்படியே இருக்கட்டும், பக்கத்துல "தன்குரலில் பாடி நடித்த துணைவன் படத்துக்காக"ன்னு சேர்த்துடுவோம்.

சேர்த்து எழுதறதா (இசைநடிகர்) பிரிச்சு எழுதறதா (இசை நடிகர்)ங்கறதை இலக்கணம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, எனக்குச் சேர்த்து எழுதறதுதான் சரின்னு படுது, பிரிச்சா தேடல்ல சிதறிடும். ஹார்மோனியப் பின்பாட்டுக்காரங்களுக்கும் இதுவரைக்கும் ஒரு பதிவு கூடச் சரியா இல்ல, அவங்க நடிக்கறதில்லன்னாலும் தர்க்கத்துக்கு நடுவுல பதில் பேசறவங்க, அவங்களை எந்தப் பகுப்புல வைக்கறதுன்னும் சேர்த்துப் பேசிடலாம்.