பகுதி சபைக் கூட்டம் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் கெடிலம் ஆற்றுப் பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பகுதி சபையில், அதாவது நகரத்தில் வார்டு மக்கள் கூடிப் பேசும் கூட்டத்தில், பேசி முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம், ஆனால் கூட்டம் நடந்ததே தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2015 வெள்ளத்தில் எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று இங்கே உள்ள பாட்டிமார்களைக் கேட்டாலே விரல் வைத்துக் காட்டுவார்கள், அவர்களைக் கேட்காமல் வடிகால் போட்டால் தண்ணீர் மறுபடி வீட்டுக்குள்தான் வரும்.

கிராம சபை என்றால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாள் எல்லோருக்கும் தெரியும், ஊரே வரும். நகரத்தில் பகுதி சபை 2022இல்தான் தொடங்கியது, அதனால் பலருக்கு இன்னும் பழகவில்லை.

உங்கள் வார்டில் கூட்ட அறிவிப்பை எப்படித் தெரியப்படுத்துகிறார்கள்? தண்டோராவா, வாட்ஸ்அப்பா? தீர்மான நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கப் போகிறோம், அப்படி வாங்கியவர்கள் மனுவில் என்ன எழுதினீர்கள் என்று தயவுசெய்து பகிருங்கள். அப்புறம் புதுச்சேரி நண்பர்களே, அங்கே 2006க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லையே, இப்படி ஒரு வேலை வந்தால் நீங்கள் யாரிடம் போய்ப் பேசுகிறீர்கள்? மழைக்கு முன்னால் மனு கொடுத்தாக வேண்டும்.