உதவி: மழை விட்டதும் வீடு முழுக்க கருப்பு வண்டு, பேரு என்ன?

களியல்_ஓட்டுவீடு · இரவு 9.12
அவசரம். கருப்பா சின்ன வண்டு, ஆயிரக்கணக்குல வீட்டுக்குள்ள. சுவர், கட்டில், சோத்துப் பானை மூடி வரைக்கும் ஏறியாச்சு. தூத்து வெளிய கொட்டினா திரும்பியும் வருது. பிள்ளைக்குக் கையில பட்டு எரியுதுன்னு அழுகான். போட்டோ போட்டிருக்கேன். என்ன பூச்சி, என்ன மருந்து அடிக்க? சீக்கிரம் சொல்லுங்கோ.

சிற்றாறு72 · 9.20
போட்டோல ட்யூப் லைட்டும் நாலு கருப்புப் புள்ளியும்தான் தெரியுது. நீளம் எத்தனை மில்லிமீட்டர்? பக்கத்துல ரப்பர் தோட்டம் உண்டா, எவ்வளவு தூரம்? மழை எப்போ பெஞ்சது? கூரை ஓடா, கான்கிரீட்டா?

தக்கலை_குமார் · 9.24
தோல் எரியுதுன்னா யோசிக்கவே வேண்டாம், ஆசிட் பூச்சி. மழைக்கு அப்புறம் லைட்டைத் தேடி வரும். கையால நசுக்காதீங்க.

லென்ஸ்பத்து · 9.31
ஒவ்வொரு ஏப்ரலும் இதே கேள்வி, இதே மங்கல் படம். அளவுகோல் இல்லாத படத்தை வெச்சு இனம் சொல்லச் சொல்றது, நாடி பிடிக்காம மருந்து கேக்கிற மாதிரி. இந்த மன்றத்துல மேல ஒட்டி வெச்சிருக்கிற பதிவை முதல்ல படிங்க. அடுத்து, குமார் சொல்றது தப்பு. ஆசிட் பூச்சிக்கு முதுகு மூடி (முதுகை மூடுற கெட்டி இறக்கை) குட்டை, பாதி வயிறு வெளிய தெரியும், உடம்பு ஆரஞ்சும் கருப்புமா பட்டை பட்டையா எறும்பு மாதிரி நீளமா இருக்கும். அதோட நஞ்சு பட்ட உடனே எரியாது. ஒரு நாள் கழிச்சுத்தான் கோடு போட்ட மாதிரி சிவந்து கொப்புளம் வரும். இங்க பிள்ளை உடனே அழுதிருக்கான். உடனே எரிச்சலும் பட்ட இடத்துல தவிட்டு நிறக் கறையும்னா அது குயினோன்ங்கிற எரிச்சல் திரவம் சுரக்கிற வண்டு.

அருமனை_வெட்டுக்காரன் · 9.38
தம்பி, முதல்ல பிள்ளையோட கையைச் சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவு. கண்ணைக் கசக்க விடாத. காதுக்குள்ள போச்சுன்னா குச்சி விடாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. பேரு பொறவு பாக்கலாம்.

கோழிப்பண்ணை_உதவி · 9.46
வீட்டுல கோழிக்கூடு உண்டா? உண்டுன்னா இது கோழிக்கூட்டு வண்டு, அறிவியல் பேரு ஆல்ஃபிடோபியஸ். எச்சம் ஈரமானா பெருகும், ராத்திரி விளக்குக்குப் பறந்து வரும். ரப்பர் தோட்டத்தை மட்டும் கேட்டு ஒரே பக்கம் ஓடாதீங்க.

களியல்_ஓட்டுவீடு · 10.05
கையைக் கழுவியாச்சு, எரிச்சல் குறைஞ்சிருக்கு. தவிட்டுக் கறை உண்டு. ஓட்டு வீடுதான், முன்னாடி மட்டும் கான்கிரீட். ரப்பர் தோட்டம் வேலி தாண்டினா, 40 அடி இருக்கும். நேத்து சாயங்காலம் இந்த வருஷத்து முதல் கோடை மழை. கோழிக்கூடும் பின்பக்கம் உண்டு. அதைச் சொல்லணும்னு தோணல்ல. இதுல கருப்பும் இருக்கு, காப்பி நிறத்துலயும் இருக்கு. ரெண்டு சாதியா?

சிற்றாறு72 · 10.14
இப்பதான் விஷயம் வந்திருக்கு. 40 அடில ரப்பர், ஓடு, முதல் மழைக்கு மறுநாள், குயினோன் கறை: நாலும் முப்ளி வண்டைத்தான், அதாவது ரப்பர் தோட்டத்து வண்டைத்தான் காட்டுது. அறிவியல் பேரு லுப்ராப்ஸ் டிரிஸ்டிஸ். கோடை மழை விழுந்ததும் தோட்டத்துச் சருகுல இருந்து கூட்டமா எழும்பி, பக்கத்து வீட்டு வெளிச்சத்துக்கு வந்து, ஓட்டுக்கும் கழுக்கோலுக்கும் இடையில அடைஞ்சிரும். திரும்பவும் ரப்பர் இலை உதிர்ற காலம் வரைக்கும் தின்னாம, முட்டை போடாம உறங்கும். ஒரே வீட்டுல பல லட்சம் வண்டு அடையறது இந்த இனத்துல பதிவான சங்கதி.

காப்பி நிறத்தை வெச்சு ரெண்டு சாதின்னு முடிவு பண்ணாதீங்க. கூட்டுப்புழுவுல இருந்து புதுசா வெளிவந்த வண்டு வெளிறித்தான் இருக்கும், ஓடு இறுகி கருப்பாக நாள் பிடிக்கும். வண்டுல நிறம் பல நேரம் வயசைத்தான் சொல்லும்.

கோழிப்பண்ணை_உதவி · 10.19
கோழிக்கூடும் இருக்குன்னு அவரே சொல்லியாச்சு. அதை எப்படித் தள்ளுறீங்க? ரெண்டும் ஒரே குடும்பம், ரெண்டும் கருப்பு, ரெண்டும் நாத்தம் பிடிச்ச சுரப்பு விடும்.

லென்ஸ்பத்து · 10.37
ஊகம் போதும், கால் துண்டுகளை எண்ணுங்க. செய்ய வேண்டிய முறை இது.

20 வண்டை வேற வேற இடத்துல இருந்து எடுங்க: படுக்கையறைச் சுவர், ஓட்டு இடுக்கு, கோழிக்கூட்டுப் பக்கம். ஒவ்வொண்ணையும் தனித்தனிக் குப்பில போட்டு, எங்க எடுத்ததுன்னு பென்சிலால எழுதின காகிதத்தை உள்ளயே போடுங்க. பிறகு சாராயத்துல (எத்தனால்) போட்டா பேனா மை கரைஞ்சு போகும், பென்சில் கரையாது. வெறுங்கையால எடுக்காம துண்டுக் காகிதத்துல ஏத்தி எடுங்க. குப்பியை ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல வெச்சா செத்திரும், உருவும் கெடாது. நசுக்கியோ வெந்நீர் ஊத்தியோ கொன்னா கால் கழண்டு போகும், எண்ண முடியாது.

காலையில வெள்ளைக் காகிதத்துல கவுத்துப் போட்டு, நகைக்கடைக்காரர் வெச்சிருக்கிற 10 மடங்கு லென்ஸ்ல பாருங்க. காலோட நுனிப் பகுதில, அதாவது பாதத்துல, எத்தனை துண்டுன்னு எண்ணணும். நகம் இருக்கிற கடைசித் துண்டும் கணக்குல சேரும், நகத்தைத் தனியா எண்ணக் கூடாது. முன்கால் 5, நடுக்கால் 5, பின்கால் 4 வந்தா, இந்த ரெண்டு வண்டும் சேர்ற டெனிப்ரியோனிடே குடும்பம்னு நெருங்கிட்டோம். மூணுலயும் 5 வந்தா அது தரைவண்டு மாதிரி வேற கூட்டம்.

அதோட நிறுத்தினா பத்தாது, ஏன்னா ரெண்டு சந்தேகமும் 5-5-4 தான். நகத்துண்டுக்கு முந்தின துண்டைப் பாருங்க. அது அடியில அகலமா மடல் மாதிரி விரிஞ்சு மயிர் அடர்ந்திருந்தா லுப்ராப்ஸ். மெலிசா சாதாரணமா இருந்தா ஆல்ஃபிடோபியஸ். ஒரு காலை வெச்சு முடிவு சொல்லாதீங்க, நாலஞ்சு கால் பாக்கணும். பின்கால்ல துண்டு உடைஞ்சு போயிருந்தா 3 வரும், ஏமாந்துருவீங்க.

சிற்றாறு72 · 10.48
லென்ஸ் கிடைக்கலன்னா மேல இருந்து பாத்தே ஓரளவு பிரிக்கலாம். கிராஃப் தாள்ல வெச்சுப் படம் எடுங்க. லுப்ராப்ஸ் 8 மி.மீ. அளவு, கழுத்துப் பட்டை (தலைக்குப் பின்னால இருக்கிற தகடு) முதுகு மூடியை விடத் தெளிவா ஒடுக்கம், மூடி பின்னால போகப் போக அகலும், மேல குழிகள் ஒழுங்கில்லாம சிதறிக் கிடக்கும். கூட்டு வண்டு 6 மி.மீ. பக்கம், கழுத்துப் பட்டை மூடிக்குச் சமமான அகலம், குழிகள் வரிசையா கோடு பிடிச்ச மாதிரி ஓடும். கண்ணையும் பாருங்க: கூட்டு வண்டோட கண்ணைத் தலையோரத்து விளிம்பு குறுக்கால வெட்டி, ஒடுங்கின இடத்துல 3, 4 கண் சில்லுதான் (கூட்டுக் கண்ணோட சின்னச் சின்னத் துண்டு) மிச்சம் இருக்கும்.

இன்னொண்ணு, இது முக்கியம்: புழு இருக்கான்னு தேடுங்க. லுப்ராப்ஸ் வீட்டுக்குள்ள இனப்பெருக்கம் செய்யாது, அதோட புழுவெல்லாம் தோட்டத்துச் சருகுலதான். கோழி எச்சத்துல மஞ்சப் பழுப்பா, கம்பி மாதிரி விறைச்ச புழு நெளிஞ்சா அது கூட்டு வண்டோட பிள்ளைங்க.

மார்த்தாண்டம்_விவசாயி · 11.02
பேரு எதுவானா என்ன. டிசம்பர்ல இலை கொட்டினதும் சருகைக் கூட்டித் தீ வெச்சா விஷயம் முடிஞ்சுது. ஒருத்தரும் இதைச் சொல்ல மாட்டேங்கியளே.

அருமனை_வெட்டுக்காரன் · 11.10
அண்ணே, அதை மட்டும் சொல்லாதியோ. ரப்பர் பட்டைல அனல் தட்டினா பால் ஓடுற பட்டை வெந்து போவும், அந்தப் பக்கம் வெட்டுக்கு ஆகாது. அதுவும் இல்லாம, இலை கொட்ட ஆரம்பிக்கிறப்போ வண்டு பாதி வீட்டு மச்சுலதானே கிடக்கு. வெறுஞ்சருகைக் கொளுத்தி ஆருக்கு லாபம்?

மார்த்தாண்டம்_விவசாயி · 11.15
மரத்தில இருந்து தள்ளி வரிசைக்கு நடுவுல கூட்டி வெச்சுத்தான் கொளுத்தச் சொல்றேன். சருகு இல்லன்னா வண்டு எங்க முட்டை வைக்கும்?

சிற்றாறு72 · 11.27
முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் வண்டு திரும்பிப் போன பிறகு, புதுத் தளிர் வர்ற காலத்துல. அதுக்கு முன்னால கொளுத்தினா அருமனை அண்ணன் சொன்ன மாதிரி வெறுஞ்சருகுதான். சருகு போனா மேல்மண்ணும் முதல் மழையில போகும், நம்ம சரிவுத் தோட்டத்துக்கு அது பெரிய நஷ்டம். இந்த வண்டு காய்ஞ்ச முத்தின இலையை விட, அகாலத்துல உதிர்ற இளந்தளிரைத்தான் விரும்பித் தின்னும். தளிர் ஏன் உதிருது? சாம்பல் நோய். அப்போ தளிர் விடுற பருவத்துல கந்தகத் தூள் அடிச்சா மரத்துக்கும் நல்லது, வண்டுக்குத் தீனியும் குறையும். ஹெக்டேருக்கு ஒரு சுற்றுக்கு 11 முதல் 14 கிலோ, 7 முதல் 14 நாள் இடைவெளில 3 முதல் 6 சுற்று. பனி ஈரம் இருக்கிற விடியக்காலைல அடிச்சாத்தான் இலைல ஒட்டும்.

மார்த்தாண்டம்_விவசாயி · 11.33
கந்தக விலையும் கூலியும் ஆரு குடுப்பா? அரை ஏக்கர்காரனுக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா?

தக்கலை_குமார் · 11.40
ஆசிட் பூச்சி இல்லன்னு ஒத்துக்கிறேன். ஆனா ஒரு சந்தேகம். பழைய ஆங்கிலக் கட்டுரைகள்ல ரப்பர் வண்டுக்கு லுப்ராப்ஸ் கர்ட்டிகோலிஸ்னு இருக்கு, சிலதுல லைப்ராப்ஸ்னு எழுத்தும் மாறுது. எது சரி? முப்ளின்னு மலையாளப் பேரை நாம ஏன் சொல்லணும்? நம்ம ஊர்ல ரப்பர் வண்டுன்னாலே புரியுமே.

லென்ஸ்பத்து · 11.58
கடைசியா ஒரு உருப்படியான கேள்வி. லுப்ராப்ஸ், லைப்ராப்ஸ் ரெண்டும் ஒரே பேரினம்தான், பின்னாடி வந்தவங்க எழுத்தைத் திருத்தினதால வந்த குழப்பம். ஹோப் 1833ல வெச்ச லுப்ராப்ஸ்தான் செல்லும். கர்ட்டிகோலிஸ் ஃபேர்மேர் பெயரிட்ட வேற இனம். நம்ம ரப்பர் தோட்டத்து வண்டுக்கு அந்தப் பேரைத் தவறா ஒட்டி, ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதிட்டே வந்தாங்க. இப்போ ஏத்துக்கிட்டது லுப்ராப்ஸ் டிரிஸ்டிஸ், பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள ஃபேப்ரிசியஸ், 1801. அந்த அடைப்புக்குறி சும்மா இல்ல: அவர் முதல்ல வெச்ச பேரினம் வேற, பிறகு இடம் மாத்தினாங்கன்னு அர்த்தம்.

குடும்பத்துலயும் பழைய புத்தகக் குழப்பம் உண்டு. லாக்ரியிடேன்னு தனிக் குடும்பமா முன்ன வெச்சிருந்தாங்க. இப்போ அது டெனிப்ரியோனிடேக்குள்ள லாக்ரினேன்னு துணைக்குடும்பம். அதுக்குள்ள லுப்ரோப்பினி குலம், அதுல நம்ம வண்டு. நகத்துக்கு முந்தின துண்டுல மடல் பாக்கச் சொன்னது அதுக்காகத்தான்.

முப்ளி திருச்சூர் பக்கத்து ஊர்ப் பேரு. கேரளத்துல கரிஞ்செள்ளு, ஓட்டெருமைன்னும் சொல்வாங்க. பேச்சுல ரப்பர் வண்டுன்னே சொல்லுங்க, யாரும் தடுக்கல. பதிவுல மட்டும் அறிவியல் பேரு போடுங்க, இல்லன்னா தேடுறவங்களுக்குக் கிடைக்காது.

கோழிப்பண்ணை_உதவி · 12.06
ராத்திரி 12 மணிக்கு இலத்தீன் வகுப்பு. அவர் கேட்டது என்ன மருந்து அடிக்கன்னு.

சிற்றாறு72 · 12.15
நியாயம். மருந்தை ஓட்டு இடுக்குல அடிக்காதீங்க. சாகிறப்போ சுரப்பை விட்டுட்டு சோத்துலயும் படுக்கையிலயும் உதிரும், எரிச்சல் இன்னும் கூடும். தோட்டத்துப் பக்கத்து விளக்கை மசங்கினதுமே அணைங்க. முத்தத்துல வீட்டை விட்டு 15, 20 மீட்டர் தள்ளி ஒரு வெள்ளை பல்பைக் கட்டி, அடியில அகலமான போணியில சோப்புத் தண்ணி வையுங்க. சோப்பு இல்லன்னா வண்டு தண்ணி மேல மிதந்து திரும்ப ஏறிரும். பல்பைத் திண்ணைலயே தொங்க விட்டா நீங்களே வீட்டுக்குக் கூப்பிடுற மாதிரி. உள்ள அடைஞ்சதைத் தூத்து வாளிச் சோப்புத் தண்ணில கொட்டுங்க. வேலிக்கு வெளிய கொட்டினா நடந்தே வந்திரும், அதான் உங்களுக்கு நேத்து நடந்தது. மழை பெஞ்ச மறுநாளுங்களும் இதையே செய்யணும்.

லென்ஸ்பத்து · 12.22
எண்ணினது வந்த பிறகு இன்னும் சந்தேகம் இருந்தா, சாராயத்துல போட்ட குப்பிகளைச் சென்னைல இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தோட (ZSI) தென்மண்டல மையத்துக்கு எழுதிக் கேட்டு அனுப்பலாம். உருவம் பாக்க 70 சதவீதச் சாராயம் போதும். மரபணு பாக்கணும்னா 95க்கு மேல வேணும். நாள், இடம், எந்த வெளிச்சத்துல பிடிச்சதுன்னு சீட்டுல இருக்கணும், சீட்டு இல்லாத வண்டு ஆருக்கும் உதவாது.

களியல்_ஓட்டுவீடு · மறுநாள் மதியம் 1.40
எண்ணியாச்சு. 20ல 16 மடல் உள்ளது, 8 மி.மீ., எல்லாம் சுவர்லயும் ஓட்டு இடுக்குலயும் எடுத்தது. மிச்சம் 4 சின்னது, மடல் இல்ல, முதுகுல வரிசைக் கோடு உண்டு. அது நாலும் கோழிக்கூட்டுப் பக்கக் குப்பி. எச்சத்தைக் கிளறினா மஞ்சப் புழுவும் கிடக்கு. ரெண்டு பேரும் சொன்னது சரிதான். சோப்புத் தண்ணில நேத்து முக்கால் போணி விழுந்துது. நன்றி.

கோழிப்பண்ணை_உதவி · 2.05
அந்த எச்சத்தை இன்னிக்கே வாருங்க. வெறுமனே குவிச்சு வெச்சா வண்டு திரும்ப வரும், உரக்குழியில போட்டு மண்ணால மூடணும். தண்ணிச் சட்டி கவிழ்ந்து ஈரமான இடத்துலதான் புழு அதிகம் இருக்கும், அங்க முதல்ல. கோழி அந்தப் புழுவைக் கொத்தாம பாத்துக்கோங்க, நோய்க்கிருமி கடத்தும். கூட்டுத் தரை என்ன, மண்ணா சிமெண்டா?

லென்ஸ்பத்து · 2.11
16 பெரியதுலயும் உணர்கொம்போட கடைசித் துண்டு அதுக்கு முந்தினதை விட நீளமான்னு பாத்து எழுதுங்க. அதையும் பதிவுல சேத்துருவோம்.

சிற்றாறு72 · மூணு நாள் கழிச்சு
களியல் தம்பி, இன்னிக்கு மழை பெஞ்சுதே. விளக்கை அணைச்சீங்களா?